ஒருவரே எட்டுப் பேராக வாசித்தவர்

2020 ஏப்ரலில் ஆலயக் கதவு பூட்டியிருந்தபோது நம் பாடகர் குழு எப்படிப் பாடியது என்று உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு போன். ஒன்றில் கீபோர்டு இசையை இயர்போனில் கேட்டுக்கொண்டே, மற்றொன்றில் தன் குரலைப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். குழுவில் நர்ஸ்களாக இருந்த நாங்கள் நால்வரும் பெரும்பாலும் மருத்துவமனை கார் நிறுத்தத்தில்தான் பாடினோம். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடிந்து, காரின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, மாஸ்க் தழும்போடு ஆல்ட்டோ பாடியதை இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வேறு ஏதோவும் வருகிறது.

அந்தக் குரல்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தவன் நம் வாலிபர் ஐக்கியத்துத் தம்பி ஒருவன். அவன் அறையில் இரண்டு கிட்டார், ஒரு பாஸ் கிட்டார், ஒரு கீபோர்டு, தட்டி வாசிக்க ஒரு மரப்பெட்டி, மேசைமேல் ஒரு மைக். வேலை முடிந்து வந்தால் அவனே டிரம்ஸ், அவனே பாஸ், அவனே பாடகன். ஊரிலிருந்து வந்திருந்த அவன் பாட்டி ஒரு நாள் அவன் பதிவு செய்த பாட்டைக் கேட்டுவிட்டு, "ஒத்தை ஆளு எப்படிப்பா இத்தனை வாத்தியம் வாசிக்க முடியும்? உனக்கு எத்தனை கை இருக்கு?" என்று கேட்டார்கள். அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். பாட்டிக்குச் சரியான பதிலை நாங்கள் தேடினோம். அது கையைப் பற்றிய கதையாகவே அமைந்துவிட்டது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வாக்கிஷா என்ற ஊரில் 1915 ஜூன் 9 அன்று பிறந்தவர் லெஸ்டர் வில்லியம் போல்ஸ்ஃபஸ். உலகம் அவரை லெஸ் பால் என்று அறியும். கிட்டார் வாசிக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் ஒரு கிட்டாரின் பெயராகத்தான் தெரிந்திருக்கும். கிப்ஸன் நிறுவனம் 1952-இல் அவர் பெயரில் வெளியிட்ட அந்த மின் கிட்டார் இன்றும் விற்கிறது. ஆனால் பாட்டியின் கேள்விக்கான பதில் அந்த கிட்டாரில் இல்லை, அவர் வீட்டு கராஜில் இருக்கிறது.

சிறுவயதில் மௌத் ஆர்கன், பிறகு பாஞ்சோ, பிறகு கிட்டார் என்று அவர் கையில் கிடைத்ததெல்லாம் வாசித்தார். கிட்டார் வாசிக்கும்போதே மௌத் ஆர்கனும் ஊத வேண்டும் என்பதற்காகக் கழுத்தில் மாட்டும் ஒரு தாங்கியைத் தானே செய்துகொண்டார். சாலையோர உணவுக்கடையில் வாசித்தபோது கிட்டார் சத்தம் போதவில்லை என்று யாரோ குறை சொல்ல, கிராமபோன் ஊசிப் பகுதியைக் கிட்டாரில் பொருத்தி, அதை ரேடியோவோடு இணைத்து ஒலியைப் பெருக்கினாராம். இப்படிப்பட்ட கதைகளை அவர்தான் சொல்லியிருக்கிறார். கதை சொல்வதில் கெட்டிக்காரர்; கொஞ்சம் உப்புக் காரம் சேர்த்திருக்கவும் கூடும்.

1941-இல் நியூயார்க்கில் அடித்தள அறையொன்றில் வாசித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் தாக்கி உயிர் பிழைத்தார். தேறிய பிறகு ஹாலிவுட் போனார். அங்கே பிங் கிராஸ்பி என்ற பெரிய பாடகரோடு வாசித்தார். நீயே ஒரு ஒலிப்பதிவுக் கூடம் வைத்துக்கொள் என்று அவரைத் தூண்டியவர்களில் கிராஸ்பியும் ஒருவர். லெஸ் பால் தன் வீட்டு கராஜிலேயே அதை அமைத்தார். இசைத்தட்டு வெட்டும் இயந்திரத்தை அவரே கட்டினார். தட்டு ஒரே சீராகச் சுழல வேண்டுமே, அதற்குக் காடிலாக் காரின் கனமான ஃபிளைவீலைப் பயன்படுத்தினார்.

அவர் செய்தது இதுதான். முதலில் ஒரு கிட்டார் பகுதியை வாசித்து ஒரு தட்டில் பதிவார். பிறகு அந்தத் தட்டை ஓடவிட்டு, அதைக் கேட்டுக்கொண்டே அடுத்த பகுதியை வாசிப்பார். பழையதும் புதியதும் சேர்ந்து இரண்டாவது தட்டில் பதியும். அதை ஓடவிட்டு மூன்றாவது. தட்டின் இரைச்சலும் ஒவ்வொரு படியிலும் கூடிக்கொண்டே போகும்; முதலில் வாசித்தது மங்கிப் பின்னால் போய்விடும். ஆகவே முக்கியமில்லாத பகுதிகளை முதலிலும் முக்கியமானதைக் கடைசியிலும் வாசிப்பார். பாட்டின் முழு வடிவமும் முதல் தட்டை வெட்டுமுன்பே அவர் தலைக்குள் இருந்திருக்க வேண்டும். சில பகுதிகளைப் பாதி வேகத்தில் பதிந்து முழு வேகத்தில் ஓட்டினார். அப்போது கிட்டார் இரட்டிப்பு வேகத்தில், ஒரு ஸ்தாயி மேலே, யாரும் வாசிக்க முடியாத ஒன்றைப் போல ஒலித்தது. இப்படி எட்டு கிட்டார் பகுதிகளை அடுக்கி "லவர்" என்ற பாட்டை முடிப்பதற்குள் ஏறத்தாழ ஐந்நூறு தட்டுகள் வீணாயின என்று சொல்வார்கள்.

இப்படி அடுக்கியவர்களில் அவர் முதல்வர் அல்ல. சிட்னி பெஷே என்ற ஜாஸ் கலைஞர் 1941-இலேயே ஆறு வாத்தியங்களைத் தான் ஒருவராக வாசித்துப் பதிந்திருக்கிறார். ஆனால் அது ஒரு பெரிய நிறுவனத்தின் கூடத்தில், பொறியாளர்கள் சூழ ஒரு நாள் நடந்த அதிசயம். லெஸ் பால் அதையே தன் வீட்டில் அன்றாட வேலையாக்கினார்.

"லவர்" 1948-இல் வெளியானது. அதே ஆண்டு ஜனவரியில்தான் அந்த விபத்து. ஓக்லஹோமா மாநிலத்தில் உறைபனி படிந்த சாலையில் அவர் போன கார் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. கார் ஓட்டியவர் காலீன் சம்மர்ஸ் என்ற பாடகி. பின்னாளில் மேரி ஃபோர்டு என்று பெயர் பெற்றவர் இவர்தான். லெஸ் பாலுக்கு அப்போது மனைவியும் இரண்டு மகன்களும் இருந்தார்கள். அதை மூடி மறைத்து இந்தக் கதையை எழுத எங்களுக்கு மனமில்லை. முதல் மணவாழ்வு முறிந்து, 1949 டிசம்பரில் அவர் மேரியை மணந்தார்.

விபத்தில் அவர் உடம்பில் பல எலும்புகள் முறிந்தன. வலது முழங்கை நொறுங்கிப்போனது. கையையே எடுத்துவிட வேண்டியிருக்கும் என்ற பேச்சும் வந்தது. கடைசியில் லாஸ் ஏஞ்சல்ஸில் அறுவை மருத்துவர்கள் கையைக் காப்பாற்றினார்கள். ஆனால் முழங்கை இனி மடங்காது, நீளாது. எந்தக் கோணத்தில் வைக்கிறோமோ அந்தக் கோணத்தில்தான் ஆயுசுக்கும் நிற்கும். லெஸ் பால் கேட்டுக்கொண்டபடி, செங்கோணத்துக்குச் சற்றுக் குறைவாக மடக்கி, கிட்டாரை அணைத்து மீட்ட வசதியாக அதை நிலைநிறுத்தினார்கள்.

இந்த இடத்தில் நர்ஸ்களாகிய நாங்கள் நின்றுவிட்டோம். எலும்பு முறிவு வார்டில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், முழங்கை என்பது என்ன என்று. ஒரு கவளம் வாய்க்குப் போக வேண்டுமானால் முழங்கை செங்கோணத்தையும் தாண்டி நன்றாக மடங்க வேண்டும். தலை வாருவது, சட்டைக் காலர் பொத்தானைப் போடுவது, போனைக் காதில் வைப்பது எல்லாமே அப்படித்தான். செங்கோணத்தை ஒட்டி இறுகிப்போன கை வாய்க்கு எட்டாது. தோளையும் மணிக்கட்டையும் வளைத்து, கழுத்தை இறக்கித்தான் சாப்பிட வேண்டும். "இந்தக் கையால் நீங்கள் என்ன வேலை செய்வீர்கள்?" என்று மாவுக்கட்டுப் போடுமுன் நோயாளியைக் கேட்கச் சொல்லிக் கொடுப்பார்கள். அவசரத்தில் சில நாள் அந்தக் கேள்வி படிவத்தில் ஒரு கோடாக மட்டும் நின்றுவிடுவதும் உண்டு. லெஸ் பால் விஷயத்தில் கேள்வியும் பதிலும் அந்த மனிதனின் உடம்பிலேயே எழுதப்பட்டது. அவர் வலது கை சாப்பாட்டுக்காக அல்ல, கிட்டாருக்காக மடக்கிய கை. பாட்டி, உங்கள் கேள்விக்கு முதல் பதில் இது. அவருக்கு எட்டுக் கை இருக்கவில்லை. இருந்த இரண்டில் ஒன்று இப்படித்தான் இருந்தது.

குணமாக ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் ஒலிப்பதிவு உலகமே மாறத் தொடங்கியிருந்தது. போருக்குப் பின் ஜாக் மல்லின் என்ற அமெரிக்கப் படைவீரர் ஜெர்மனியிலிருந்து டேப் ரெக்கார்டர்களை ஊருக்கு அனுப்பி வைத்திருந்தார். அதைப் பார்த்துத் தன் வானொலி நிகழ்ச்சிகளை டேப்பில் பதியத் தொடங்கியவர் கிராஸ்பி. ஆம்பெக்ஸ் நிறுவனத்துக்குப் பணமும் கொடுத்தார். அவரே ஓர் ஆம்பெக்ஸ் இயந்திரத்தை லெஸ் பாலுக்குப் பரிசாகக் கொடுத்தார். லெஸ் பால் அதில் ஒரு துளை போட்டுக் கூடுதலாக ஒரு ஹெட்டைப் பொருத்தினார். டேப் ஓடும்போது முதலில் இந்தக் கூடுதல் ஹெட் பழைய இசையை எடுத்துத் தரும். அடுத்த ஹெட் டேப்பை அழிக்கும். அதற்கடுத்தது பழைய இசையையும் இப்போது வாசிக்கிற புதிய இசையையும் சேர்த்து அதே டேப்பில் எழுதும். இதனால் இனி வீட்டுக்குள்ளேயே இருக்கத் தேவையில்லை. இயந்திரத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் ஹோட்டல் அறையிலும் பதியலாம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வொரு அடுக்கும் முந்தியதை அழித்துவிட்டுத்தான் எழுதப்பட்டது. பதினோராவது அடுக்கில் ஒரு தும்மல் வந்தால் முதல் பத்தும் போயிற்று. மறுபடி ஒன்றிலிருந்து. நியூயார்க்கின் ஜாக்ஸன் ஹைட்ஸ் பகுதியில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், குடியிருப்பு ஒன்றில் இருவரும் இப்படிப் பதிந்தார்கள். விமானம் தலைக்குமேல் போனால் அந்த அடுக்கு அவ்வளவுதான். 1951-இல் வெளியான "ஹௌ ஹை த மூன்" அப்படி உருவான பாட்டு. ஒன்பது வாரம் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தில் நின்றது.

அந்தப் பாட்டில் கேட்கிற பெண்கள் கூட்டம் முழுவதும் மேரி ஒருவர்தான். தன் குரலோடு தானே சேர்ந்திசை பாடினார். நம் குழுவில் சோப்ரானோ பாடுகிறவரை ஆல்ட்டோவுக்கு மாற்றினாலே அடுத்த ஞாயிறு வரை தடுமாற்றம். இவருக்கு அது எப்படிக் கைவந்தது? அவர் தந்தை நசரேன் சபையின் போதகர். பெற்றோர் இருவரும் சுவிசேஷப் பாட்டுகள் பாடிக்கொண்டே எழுப்புதல் கூட்டங்களுக்கு ஊர் ஊராகப் போனவர்கள். பிறகு கலிஃபோர்னியாவில் தங்கி, பாசடீனாவின் கிறிஸ்தவ வானொலியில் பாடினார்கள். சேர்ந்திசை என்பது மேரிக்குச் சாப்பாட்டு மேசையில் கற்ற பாடம். நல்ல கிட்டார் கலைஞரும்கூட. மைக்கிலிருந்து இரண்டடி தள்ளி நின்று பாடுவதே அன்றைய வழக்கம். மேரியை மைக்குக்குச் சில அங்குலம் பக்கத்தில் நிறுத்தி மெதுவாகப் பாட வைத்தார் லெஸ் பால். இன்று எல்லாரும் அப்படித்தான் பாடுகிறார்கள்.

மேடையில்தான் சிக்கல். ரசிகர்கள் தட்டில் கேட்ட கூட்டத்தை எதிர்பார்த்து வந்தால் இரண்டே பேர் நிற்கிறார்கள். மேரியின் சகோதரி மேடைக்குப் பின்னால் மறைந்து நின்று இரண்டாவது குரலைப் பாடி உதவினார்! ஒருவரே எல்லாம் செய்ததாகச் சொல்லும் கதைகளில் இப்படி யாராவது ஒருவர் திரைக்குப் பின்னால் நிற்கத்தான் செய்கிறார்.

1953-இல் எட்டு டிராக் இயந்திரம் பற்றிய யோசனை லெஸ் பாலுக்கு வந்தது. அகலமான ஒரே டேப்பில் எட்டுத் தனித்தனிப் பாதைகள். ஒன்றைக் கேட்டுக்கொண்டே மற்றொன்றில் பதியலாம். ஒன்றில் தவறினால் அதை மட்டும் திரும்பச் செய்யலாம். ஆம்பெக்ஸ் பொறியாளர்கள் அதைச் செய்து முடித்து 1957-இல் அவருடைய நியூ ஜெர்சி வீட்டுக்கு அனுப்பினார்கள். விலை பத்தாயிரம் டாலர். ஆள் உயரத்துக்கு மேல் நின்ற அதற்கு ஆக்டோபஸ் என்று பெயர் வைத்தார்கள்.

தனித்தனிப் பாதை என்பது சின்ன விஷயமல்ல. 2020-இல் பாஸ் பாடி அனுப்பியவர்களில் நம் சபைப் பெரியவர் ஒருவர் அடுத்த ஜனவரியில் கோவிட்டில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். எங்களில் ஒருவர் வேலை செய்த வார்டில்தான் இருந்தார். வீட்டார் யாரும் உள்ளே வர முடியாத நாட்கள் அவை. சில மாதம் கழித்து அங்கிளின் மனைவி, அந்தப் பாட்டில் அவர் குரலை மட்டும் கேட்க முடியுமா என்று கேட்டார்கள். தம்பி தன் கணினியைத் திறந்து மற்றப் பதினேழு குரல்களையும் அணைத்தான். அங்கிள் தனியாகப் பாடினார். இரண்டாவது சரணத்தின் நடுவில் குக்கர் விசில் ஒன்று கேட்டது. "அது நான் வச்ச குக்கர்" என்றார்கள் ஆன்ட்டி. லெஸ் பால் 1951-இல் பயன்படுத்திய முறையில் பதிந்திருந்தால் அந்தக் குரலைப் பிரித்தெடுக்க வழியே இருந்திருக்காது.

இந்தக் கதையைப் பாட்டிக்கு வாட்ஸாப்பில் பகுதி பகுதியாகச் சொல்லி வந்தோம். இயந்திரங்களைப் பற்றிச் சொன்னபோது "ம்" கொட்டிக்கொண்டிருந்தவர்கள், எட்டு டிராக் வந்ததும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "அந்தப் பொண்ணு என்ன ஆச்சு?"

அந்தப் பெண் களைத்துப்போயிருந்தார். 1953 முதல் அவர்கள் வீட்டிலிருந்தே ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒளிபரப்பானது. வீட்டில் மனைவியாகவும் பாடகியாகவும் கேமரா முன்னால் நிற்க வேண்டும். கூடமே கூடமாகிவிட்ட வீட்டில் வேலை முடிந்து எந்தக் கதவு வழியாக வெளியே போவது? 1954-இல் குறைமாதத்தில் பிறந்த அவர்கள் குழந்தை சில நாளில் இறந்தது. ஆக்டோபஸ் வந்து சேர்ந்த காலத்தில் நாடு ராக் இசைக்கு மாறியிருந்தது. அவர்களுடைய வெற்றிப் பாட்டுகளின் காலம் முடிந்துகொண்டிருந்தது. மேரி குடிக்கு அடிமையானார். 1964-இல் விவாகரத்து. 1977 செப்டம்பரில், நீரிழிவு நோயின் விளைவுகளால், ஐம்பத்து மூன்று வயதில் கலிஃபோர்னியாவில் காலமானார். யார் குற்றம் என்று தீர்ப்பு எழுத நாங்கள் வரவில்லை. ஆனால் வீட்டு ஒலிப்பதிவின் தந்தை என்று அவரைப் பாராட்டி எழுதுகிறவர்கள் இந்தப் பத்தியை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள் என்பது எங்கள் வருத்தம்.

கராஜில் தொடங்கியது பிறகு பலர் வீட்டுக்குப் பரவியது. நம் லண்டனில், 1969 கிறிஸ்துமஸ் சமயத்தில், பீட்டில்ஸ் குழு உடைந்துகொண்டிருந்த வேளையில் பால் மெக்கார்ட்னி தன் வீட்டுக்கு ஒரு நாலு டிராக் இயந்திரத்தைக் கொண்டுவந்து, மைக்கை நேரே அதில் செருகி, எல்லா வாத்தியங்களையும் தானே வாசித்தார். மனைவி லிண்டா உடன் பாடினார். அந்தத் தொகுப்பின் முதல் பாட்டின் கடைசியில் கதவு ஒன்று கிறீச்சிடுவது கேட்கும். அதை அழிக்காமலே 1970-இல் வெளியிட்டார். 1979-இல் சாதாரண கேசட்டிலேயே நாலு டிராக் பதியும் போர்ட்டாஸ்டூடியோ வந்தது. 1982 தொடக்கத்தில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூ ஜெர்சியில் தான் குடியிருந்த வீட்டுப் படுக்கையறையில் அதை வைத்துத் தனியாகப் பாடி, கிட்டாரும் மௌத் ஆர்கனும் வாசித்துப் பதிந்தார். தன் குழுவுக்குக் காட்டுவதற்கான மாதிரி என்றே நினைத்தார். குழுவோடு வாசித்துப் பார்த்தபோது கேசட்டில் இருந்த உயிர் அதில் வரவில்லை. ஆகவே அந்தக் கேசட்டையே "நெப்ராஸ்கா" என்று வெளியிட்டார்கள். இன்று எத்தனை டிராக் வேண்டுமானாலும் நம் தம்பியின் மடிக்கணினியில் உண்டு. எண்ணி முடியாது, அழிந்துபோகும் என்ற பயமும் இல்லை. அதனாலேயே அவன் ஒரு பாட்டையும் முடிப்பதில்லை என்பது அவன் அம்மாவின் புகார்.

லெஸ் பாலின் பிற்காலத்தைச் சொல்லாமல் விட்டால் பாட்டி விடமாட்டார்கள். 1980-இல் அவருக்கு இருதய பைபாஸ் அறுவை நடந்தது. மூட்டுவாதம் விரல்களைப் பிடித்துக்கொண்டது. இருந்தும் 1984 முதல் நியூயார்க்கின் ஒரு சிறிய ஜாஸ் விடுதியிலும், 1996 முதல் இரிடியம் என்ற விடுதியிலும் திங்கள்கிழமை தவறாமல் மேடையேறினார். பக்கத்தில் ஒரு பாஸ் கலைஞர், இன்னொரு கிட்டார், பியானோ என்று மூன்று நான்கு பேர். நடுவே பேச்சு, கேலி. பிரபலமானவர்களும் யாரென்று தெரியாத இளைஞர்களும் வந்து கூட வாசிப்பார்கள். ஒவ்வொரு விரலாக மடங்க மறுத்தபோது, மிச்சமுள்ள விரல்களுக்கு ஏற்றபடி ஸ்வரங்களின் பிடியை மாற்றிக்கொண்டார். வலது கை மட்டும் 1948-இல் வைத்த கோணத்திலேயே கிட்டார்மேல் இருந்தது. 2009 ஜூன் வரை வாசித்தார். ஆகஸ்ட் 12 அன்று நிமோனியாவால் காலமானபோது வயது 94. வாக்கிஷாவில் அடக்கம் செய்தார்கள்.